காக்காய்க்கு வைத்த தண்ணீர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். மொட்டை மாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த ஒரு பெண்மணி. கையில் அளவுக் குவளை. பத்தடி தள்ளி, கைப்பிடிச் சுவர் மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குனிஞ்சு வாங்க அண்ணாச்சி. உங்களைப் பாத்தா காக்கா வராது.”

நான் நடைப்பயிற்சிக்குப் போனவன். குனிந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எதுக்குக் காக்கா?”

“ஒரு காக்கா எவ்வளவு தண்ணி குடிக்கும்னு பாக்கணும்.”

மயிலாப்பூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் அடுக்ககம். மூன்று மாடி, ஒன்பது வீடுகள். அவர் முதல் மாடியில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் பாத்திரக் கடை. கணவர் சரக்கு எடுக்க ஊர் ஊராகப் போகிறவர். கடையில் உட்காருவது இவர்தான். எந்தப் பாத்திரத்தையும் ஒரு முறை பார்த்தால் அது எத்தனை மில்லி பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது.

எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்தபோது என் மனைவி காபி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்குமுன்பே “நூத்திப் பத்து” என்றார். எனக்குப் பத்திரிகையில் வேலை. யார் ஓர் எண்ணைச் சொன்னாலும் சரிபார்க்கிற பழக்கம் உண்டு. அவர் போனபின் அளந்து பார்த்தேன். நூற்று ஐந்து. மறுநாள் மாடிப்படியில் அதைச் சொன்னேன். “அடியில ஒரு நசுங்கல் இருக்குல்லா, அதைக் கழிச்சுக்கிடுங்க” என்று படியிறங்கிப் போய்விட்டார். வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். நசுங்கியிருந்தது.

வடபழனியில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் பரிமாறியவரின் கையைப் பிடித்து நிறுத்தி, “தம்பி, இது நூறு மில்லி கரண்டி. அண்டாவுல இருக்கிறது முப்பது லிட்டர். மூணாம் பந்தியில மாட்டிக்கிடுவீங்க” என்றார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே போனார். நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது மூன்றாம் பந்தியில் பெண்ணின் சித்தப்பா கத்துகிற சத்தம் கேட்டது. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவருக்கு வெற்றி இல்லை, கணக்கும் இல்லை. நமக்கு வெயில் தெரிகிற மாதிரி அவருக்குக் கொள்ளளவு தெரிந்தது. யாராவது “நிறைய”, “கொஞ்சம்”, “ஒரு மாதிரி” என்றெல்லாம் சொன்னால் மட்டும் முகம் சுளிப்பார். “அளந்து பாத்தீங்களா?” என்பார். சண்டைக்காக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காக.

அவருக்கு ஒரே மகள், முத்து. அப்போது பன்னிரண்டு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். பிறந்தபோது பால் உறிஞ்சத் தெம்பில்லை. வெள்ளிப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி வளர்த்ததாகச் சொல்வார். “பத்து மில்லி பாலாடை. ஒரு வேளைக்கு மூணு. மூணாவதுல பாதி வெளிய வந்துரும்.” முத்து கோபாலபுரத்தில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய்வந்தாள். சாயங்காலம் கடையில் உட்கார்ந்து டம்ளர்களை அளவுவாரியாக அடுக்குவாள். யாராவது ஒன்றை எடுத்து வேறு அடுக்கில் வைத்தால் அந்த ஆளைத் தேடிப் போய்க் கையில் கொடுப்பாள். வாங்கியே ஆகவேண்டும் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். கடைக்கு அது நல்லதாகவே இருந்தது.

அந்த வருடம் தை முடியும்போது முத்துவுக்குத் தாகம் தொடங்கியது.

யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அம்மாவுக்கு மட்டும் எண் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஏழு சொம்பு. சொம்பு தொள்ளாயிரம் மில்லி. அதோடு வேறு சிலவும் இருந்தன. காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். கடைவாசலில் நுழையும்போது ஒரு நாள் இடது தோள் இடிக்கும், ஒரு நாள் வலது தோள். அடுக்கிவைத்த டம்ளர்களில் இரண்டு ஓரத்திலும் இருப்பவற்றை விட்டுவிடுவாள். உயரம் ஒரு வருடமாகக் கூடவில்லை.

தி. நகரில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் வயதானவர், நல்லவர், கூட்டம் மிகுந்தவர். சர்க்கரை சோதித்தார், இல்லை. தைராய்டு மருந்து ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. மற்றபடி அவர் சொன்னதை இந்த அம்மா எனக்கு வரி வரியாக ஒப்பித்தார்.

“வளரலைன்னேன். இந்தக் குழந்தைங்க அப்படித்தான்மா, குள்ளமா இருப்பாங்கன்னாரு. இடிச்சுக்கிடுதான்னேன். இந்தக் குழந்தைங்க தடுமாறுவாங்கன்னாரு. தலையைப் பிடிக்கான்னேன். இந்தக் குழந்தைங்க பிடிவாதம்னாரு. ஏழு சொம்பு குடிக்கான்னேன். அது ஒரு பழக்கம், இந்தக் குழந்தைங்களுக்கு ஒண்ணு பிடிச்சா விடாது, தண்ணியைக் குறைங்கன்னாரு.”

கடைசியில் சொன்னார்:

“எதைச் சொன்னாலும் அதுக்குள்ள போட்டுருதாங்க அண்ணாச்சி. அது என்ன பாத்திரம்? அதுக்கு அளவே கிடையாதா?”

உள்ளுக்குள் நானும் அந்த மருத்துவர் பக்கம்தான் இருந்தேன் என்பதையும் குறிப்பிட வேண்டும். அவ்வளவு கூட்டத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

எவ்வளவு குறைப்பது என்று கேட்டதற்கு மருத்துவர் “ரெண்டு லிட்டருக்குள்ள வையுங்க” என்றாராம். ஓர் அளவு கிடைத்ததும் இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இரண்டு சொம்பு, அதற்கு மேல் ஓர் இருநூறு மில்லி டம்ளர். காலையில் ஊற்றி வைப்பார். குடிநீர் கேன் இருந்த அறைக்குப் பூட்டு வந்தது.

இதே சமயத்தில்தான் மூன்றாம் மாடி மாமாவின் பிரச்சினை ஆரம்பித்தது. மாமா வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் சந்தியாவந்தனம் முடித்ததும் மாடிச் சுவர் மேல் காக்காய்க்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார். விடிந்து பார்த்தால் கிண்ணம் காலி. ஒரு சொட்டு இல்லை. பெரிய கிண்ணம் வைத்தார். அதுவும் காலி. காக்காய் என்றால் பித்ருக்கள். எனவே மாமா வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தார்.

“எங்க தோப்பனார் இருக்கறச்சயே ஜலம் ஜாஸ்தி குடிப்பார்” என்று என்னிடம் கவலையோடு சொன்னார். “இப்போ அங்கயும் தவிச்சுண்டு இருக்கார் போல. வாத்தியாரைக் கேட்டேன். நடுவுல ஒரு வருஷம் திதியை அமெரிக்காவுல வச்சுப் பண்ணினேனோல்லியோ, நாள் மாறிப்போயிருக்கும்கறார்.”

“அப்போ என்ன செய்யப்போறீங்க?”

“பரிகாரம் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் பெரிய பாத்திரமா வைக்கலாம்னு பாக்கறேன்.”

பாத்திரம் வாங்க மாமா போனது இந்த அம்மாவின் கடைக்கு. எண்ணூற்றைம்பது மில்லி கிண்ணம் ஒன்றை இவர் எடுத்துக் கொடுத்தார். கடை வழக்கப்படி பெயர் வெட்டவேண்டுமா என்று கேட்டார். மாமா தன் தகப்பனாரின் முதலெழுத்துகளை வெட்டச் சொன்னார். மறுநாளே திரும்பி வந்து, இதுவும் காலி என்றார். தோப்பனார் விஷயத்தை அப்போதுதான் இவரிடம் முழுதாகச் சொன்னார்.

இவர் பித்ருக்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “மாமா, எந்தக் காக்காவும் எண்ணூத்தம்பது மில்லி குடிக்காது” என்றார். “அளந்து பாத்தீங்களா?”

மாமா அளக்கவில்லை. எனவே மறுநாள் காலை இவரே மாடிக்கு வந்துவிட்டார். ஆறு பத்துக்கு நான் பார்த்தது அதைத்தான்.

ஆறு பதினாறுக்கு ஒரு காக்காய் வந்தது. நான்கு வாய் குடித்தது. “பன்னெண்டு, பதினஞ்சு மில்லி” என்று கிசுகிசுத்தார். காக்காய் பறந்தது. ஆறு இருபதுக்கு மாடிக் கதவு திறந்தது. தூங்கி எழுந்த முகத்தோடு முத்து வந்தாள். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டாள். நின்று தேய்த்துவிட்டு, நேரே கிண்ணத்துக்குப் போனாள். இரண்டு கையாலும் தூக்கினாள். குடித்து முடிக்கும்வரை மூச்சுவிடக்கூட நிறுத்தவில்லை. பிறகு அதை இருந்த இடத்தில் இருந்தபடியே, எழுத்து வெளிப்பக்கம் தெரிய, வைத்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தொட்டிக்குப் பின்னால் இருந்த எங்களை அவள் கவனிக்கவில்லை.

அம்மா கூப்பிடவில்லை. கையில் இருந்த அளவுக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு சொம்பு, ஒரு டம்ளர்” என்றார். “ஒரு சொட்டு கூடுதலா விடலை அண்ணாச்சி. அவரு சொன்னதைச் சரியா அளந்து குடுத்தேன்.”

அன்று கடை திறக்கவில்லை. அடையாறில் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்று அலுவலகத்தில் விசாரித்துச் சொன்னேன். மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். இவர் மடியில் ஒரு சாக்கு. அதற்குள் ஏழு சொம்பு. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இன்னாம்மா, சீர் எடுத்துக்கினு போறியா?”

“ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“ஆஸ்பத்திரில சொம்பு கூட இல்லாம கீது?”

முத்து சிரித்தாள். அவள் நாக்கு வறண்டு வெளுத்திருந்தது.

மருத்துவர் முப்பத்தைந்து வயதுப் பெண். இந்த அம்மா மேசையில் இருந்த கணினியை நகர்த்திவிட்டு ஏழு சொம்பையும் வரிசையாக வைத்தார். எட்டாவதாகக் காக்காய்க் கிண்ணம். அதை மாமாவிடம் ஒரு நாளைக்கு இரவல் கேட்டிருந்தார், காரணம் சொல்லாமல்.

“இது ஏழும் அவ ஒரு நாளைக்குக் குடிச்சது. இதுல ரெண்டுதான் இப்ப நான் குடுத்தது. இது காக்காய்க்கு வச்சது.”

மருத்துவர் சொம்புகளைப் பார்த்தார். முத்துவைப் பார்த்தார். ஒரு விரலைப் பக்கவாட்டில் ஆட்டி, தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. மறு பக்கமும் தெரியவில்லை. பிறகு இந்த அம்மாவிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“வெளியே போறது எவ்வளவுன்னு அளந்தீங்களா?”

இவர் முகம் சிவந்தது. அளக்கவில்லை. வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு அவர் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

அன்று மாலையே முத்துவைச் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தத்தில் உப்பு ஏறியிருந்தது. தண்ணீரைத் தடுத்தது ஆபத்து, இனி கேட்கும்போது கொடுக்கவேண்டும் என்றார்கள். மறுநாள் இவர் கடையிலிருந்து இரண்டு குவளைகள் கொண்டுவந்தார். பெயர் வெட்டும் இயந்திரத்தால் ஒன்றில் “முத்து, உள்ளே” என்றும் இன்னொன்றில் “முத்து, வெளியே” என்றும் வெட்டியிருந்தார். எவர்சில்வர் என்பதால் வார்டில் எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவதை எடுத்துப் பார்த்தவர்கள் உடனே வைத்துவிட்டார்கள்.

வார்டிலும் ஒரு தகராறு. தண்ணீர் எவ்வளவு போகிறது என்று செவிலியர் தாளில் குறித்துக்கொண்டிருந்தார்: ஒரு டம்ளர், இருநூறு மில்லி.

“இது இருநூறு இல்லம்மா. நூத்தி அறுபது.”

“எல்லா வார்டுலயும் டம்ளர்னா இருநூறுதான்மா போடுவோம்.”

“அப்போ பத்து டம்ளர்ல நானூறு மில்லி எங்க போச்சு?”

செவிலியர் அளந்தார். நூற்று அறுபது. அந்த மாடியில் மற்ற நோயாளிகளின் தாள்களையும் அன்று திருத்தினார்கள். மறுநாளிலிருந்து இவர் நடந்து போனால், கட்டிலில் இருப்பவர்கள் தங்கள் பிளாஸ்க்கையும் கிண்ணத்தையும் தூக்கிக் காட்டினார்கள். இவரும் நிற்காமல் எண்ணைச் சொல்லிக்கொண்டே போனார்.

ஸ்கேன் முடிந்த அன்று அவர் கணவர் வெளியூரிலிருந்து வந்துசேரவில்லை. என்னைக் கூட இருக்கச் சொன்னார். மருத்துவர் படத்தைக் காட்டினார். மூளையின் அடியில், கண் நரம்புகள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டி. தண்ணீரை உடம்பில் நிறுத்தும் சுரப்பு அதனால் நின்றுவிட்டது. பக்கப் பார்வை போனதும் அதனால்தான். வளர்ச்சி நின்றதும்.

“டவுன் சிண்ட்ரோம் இருக்கிற குழந்தைகளுக்கு மூளையில கட்டி வர்றதே ரொம்ப அபூர்வம்மா. அதனாலதான் யாருக்கும் தோணலை. அபூர்வமா வந்தா, வர்ற வகைகள்ல இதுவும் ஒண்ணு. மருந்துக்குக் கரையிற வகையாத்தான் தெரியுது. இன்னும் சில சோதனை பாத்துட்டுச் சொல்றேன்.”

“எவ்வளவு பெருசு?”

“ரெண்டு சென்டிமீட்டர். உருண்டையா இருக்கு.”

இவர் படத்தையே பார்த்தார்.

“நாலு மில்லி” என்றார். “பாலாடையில பாதி கூட இல்ல.”

சோதனைகளும் அதையே சொன்னதும் சிகிச்சை தொடங்கியது. முதலில் மருந்து, பிறகு கதிர். இந்தக் குழந்தைகளின் உடம்பு அந்த மருந்தை மற்றவர்கள் மாதிரித் தாங்காது, கிருமி எளிதாகத் தொற்றும், அதனால் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம் என்று புற்றுநோய் மருத்துவர் சொன்னார். “இந்தக் குழந்தைகள்” என்று கேட்டதும் எனக்குத் திடுக்கென்றது. ஆனால் இவர் தலையை ஆட்டினார். “இது சரி. இவரு அளக்கதுக்காகச் சொல்லுதாரு” என்றார். உயரத்தையும் எடையையும் வைத்து உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டு மருந்து கொடுப்பதாக அவர் விளக்கியபோது மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

“பரப்பளவா? கொள்ளளவு இல்லையா?”

மருத்துவர் யோசித்துவிட்டு, பரப்பளவுதான் என்றார். வழியெல்லாம் இவர் அதை ஏற்றுக்கொள்ளாமலே வந்தார்.

இரண்டாவது சுற்று மருந்துக்குப் பிறகு முத்துவுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் தனி அறை. யாரையும் உள்ளே விடவில்லை. அந்தப் பதினோரு நாளும் இவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டியவர்களுக்கு அப்போதும் எண் சொன்னார். ஆனால் இரண்டு முறை தப்பாகச் சொன்னார்.

கட்டடத்தில் மாமாவின் நிலைமை மோசமாகியிருந்தது. முத்து ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு நாள் கூட ஆகாத சமயத்தில்தான் அவர் பரிகாரத்தைச் செய்து முடித்திருந்தார். கிண்ணத்தைத் திரும்பக் கொடுத்த நாளிலிருந்து தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது.

“ஒரு சொட்டு தொடலை” என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது. “முன்னே தாகமா இருந்தார். இப்போ கோபமா இருக்கார். எங்கேயோ தப்பாப் பண்ணிட்டேன்.”

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இவரைத் தொலைபேசியில் கேட்டேன். காய்ச்சல் இறங்கிய மறுநாள் அது.

“மாமாவோட அப்பாவுக்கு வச்ச தண்ணியை முத்து குடிச்சுட்டான்னு ஆயிரும்லா அண்ணாச்சி. வேண்டாம்.”

ஐப்பசியில் முத்து வீட்டுக்கு வந்தாள். தலையில் முடி இல்லை. பார்வையில் ஒரு பகுதி திரும்பியது, ஒரு பகுதி திரும்பவில்லை. நின்றுபோன சுரப்புக்குப் பதிலாகத் தினமும் மாத்திரை. அது ஆயுளுக்கும் உண்டு. சரியாகப் போட்டால் தாகம் இருக்காது. கேன் இருந்த அறைப் பூட்டை இவர் கழற்றி, பழைய இரும்போடு போட்டார்.

தை மாதம் மறுபடியும் ஸ்கேன். நானும் போயிருந்தேன். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியலை” என்றார்.

“ஒண்ணும் தெரியலைன்னா, இல்லையா? அளக்க முடியாத அளவுல இருக்கா?”

மருத்துவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“அளக்க முடியாத அளவுல இருந்தாலும் இருக்கலாம்மா. அதனாலதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கப்போறோம்.”

வெளியே வந்ததும் இவர் சொன்னார்: “நல்ல டாக்டரு.”

அடுத்த வருடம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு வடபழனிப் பக்கம் போய்விட்டார்கள். இப்போது முதல் மாடியில் வேறு யாரோ இருக்கிறார்கள். இவரைப் பற்றி நினைத்தால் எனக்கு நினைவு வருவது அந்த ஸ்கேனுக்கு மறுநாள் காலை.

ஆறு மணி ஐந்து நிமிடம். மாடிக்குப் போனபோது கைப்பிடிச் சுவரருகே நின்றுகொண்டிருந்தார். இந்த முறை ஒளிந்துகொள்ளவில்லை. கிண்ணத்திலிருந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். எண்ணூற்று முப்பது.

“இருபது மில்லி காக்கா” என்றார்.

கீழே மாமா வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இவர் குவளையில் இருந்ததை மூலையில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலிக் கிண்ணத்தை, எழுத்து வெளிப்பக்கம் தெரிய, சுவர் மேல் வைத்தார்.